மலேசியத் தமிழரிடையே இசைத்தட்டு

மலேசியத் தமிழரின் வாழ்வில் இசைத்தட்டு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரக்குத் தட்டாக வந்தது. பின்னர் வினைல் தட்டாக மாறி, 1980-களில் ஒலிநாடாவுக்கு இடம் விட்டது. கடந்த இருபது ஆண்டுகளில் சேகரிப்பாளர்களால் மீண்டும் தேடப்படுகிறது. பட்டணத்தில் இது வீட்டுப் பொருளாகவும் கடைப் பொருளாகவும் இருந்தது. கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம், சுங்கை ஆயர் தாவார் வரையுள்ள வட சிலாங்கூர் தோட்டப்புறங்களில் பெரும்பாலும் ஊரே கூடிக் கேட்கும் பொருளாக இருந்தது.

தொழில்நுட்பம்

தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887-இல் அமெரிக்காவில் உருவாக்கினார். தொடக்க காலத் தட்டுகளின் மூலப்பொருளான அரக்கு பெருமளவில் இந்தியாவிலிருந்தே சென்றது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் பாடலாம். நீண்ட பாட்டை இரு பக்கமாகப் பிரித்துப் பதிந்தார்கள். கீழே விழுந்தால் தட்டு உடைந்துவிடும். எஃகு ஊசியையும் அடிக்கடி மாற்ற வேண்டும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டரின் 45 சுற்றுச் சிறுதட்டு வந்தது. ஒரு படத்தின் பாடல்கள் எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கியது இந்த மாற்றத்தால்தான்.

மலாயாவுக்கு வந்த வழி

லண்டனில் 1898-இல் தொடங்கப்பட்ட கிராமபோன் கம்பெனி, பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளரைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்த அவர், 1903-இல் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். அப்போது தட்டுகள் ஐரோப்பாவில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வரவேண்டியிருந்தது. 1908-இல் கல்கத்தாவில் ஆலை அமைந்தபின் இந்திய மொழித் தட்டுகளின் விலை குறைந்தது, எண்ணிக்கை பெருகியது.

தமிழ்த் தட்டுகள் சென்னையின் வணிகத்தில் வளர்ந்தன. நாய் முத்திரை பொறித்த எச்.எம்.வி.யோடு கொலம்பியா, ஓடியன் முதலிய பெயர்களிலும் தட்டுகள் வந்தன. பின்னாளில் ஏவி.எம். நிறுவனத்தை உருவாக்கிய ஏ.வி. மெய்யப்பன் 1930-களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் தட்டுகளை விற்றார். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடக மேடைப் பாட்டுகளும், முழு நாடகத்தையும் பல தட்டுகளில் அடக்கிய தொகுப்புகளும் அக்காலத்தில் பேர்பெற்றவை. எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதுச் சிறுமியாக 1926-இல் முதல் தட்டைப் பதிந்தார். 1931-இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்த பிறகு திரைப்பாடலே தட்டு வணிகத்தின் அச்சாணி ஆயிற்று. இத்தட்டுகளே கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன.

தோட்டப்புறத்தில்

கைப்பிடியைச் சுழற்றி விசையேற்றும் கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. மின்சாரம் எட்டாத லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அது பொருந்தி வந்ததற்கு இதுவே முதற்காரணம். ஆனால் பால் மரம் வெட்டிய கூலியில் பெட்டியும் தட்டும் வாங்குவது எளிதன்று. பெட்டி உள்ள ஒரு வீட்டு வாசலில் அக்கம்பக்கம் கூடுவது வழக்கமாயிற்று.

போருக்குப் பின் ஒலிபெருக்கிக்காரர்கள் இந்த இடத்தைப் பிடித்தார்கள். மின்கலத்திலோ ஜெனரேட்டரிலோ இயங்கும் ஒலிபெருக்கியைக் கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு ஆகியவற்றுக்கு வாடகைக்குக் கொண்டுவந்து, மரத்தில் குழாயைக் கட்டித் தட்டு சுழற்றினார்கள். முதலில் பக்திப் பாட்டு, பிறகு திரைப்பாடல் என்று ஒரு வரிசை இருந்தது. சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் ஆகியோரின் பக்திப் பாடல்களும், தமிழ் முஸ்லிம்களிடையே நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்களும் இவ்வாறு பரவின. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களின் வசனத் தட்டுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. எழுதப் படிக்க வாய்ப்புக் கிட்டாதவர்களும் செந்தமிழ் வசனங்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். அவ்வகையில் இசைத்தட்டு தோட்டத்து மக்களுக்கு மொழிப் பயிற்சியும் தந்தது.

வானொலி இந்த ரசனைக்குத் துணைநின்றது. 1946-இல் தொடங்கிய ரேடியோ மலாயாவின் தமிழ்ப் பிரிவும், 1949-இல் கம்பிவழி ஒலிபரப்பைத் தொடங்கிய ரெடிபியூஷனும் பெரிதும் தட்டுகளைக் கொண்டே நிகழ்ச்சி நடத்தின. வானொலியில் கேட்ட பாட்டைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இப்படி உருவானது.

கடைகள்

தட்டு வாங்கத் தோட்டத்து மக்கள் பட்டணத்துக்குப் போக வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளானில் இன்று தெங்கு கெலானா சாலை எனப்படும் கடைத்தெரு, பினாங்கில் லிட்டில் இந்தியா ஆகிய தமிழர் வணிகப் பகுதிகளே இசை விற்பனைக்கும் இடமாயின. கடைக்காரரின் அறிவே அங்கே பட்டியலாக விளங்கியது. படத்தின் பெயர் தெரியாமல் ஒரு வரியை மட்டும் பாடிக் காட்டுபவருக்கும் அவர் தட்டை எடுத்துத் தருவார். வாங்குமுன் போட்டுக் காட்டுவார். அக்கடைகளை நினைவுகூர்வோர் இந்த உரையாடலையே முதலில் சொல்கிறார்கள்.

சரிவு

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, 1970-களில் மலேசியச் சந்தையை நிறைத்தது. அது மலிவானது, உடையாதது, வீட்டிலேயே நகலெடுக்கக்கூடியது. உரிமையின்றி நகலெடுத்த பேழைகள் பெருகியதால் தட்டின் விற்பனை மேலும் குன்றியது. ‘அன்னக்கிளி’ (1976) மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் இன்ரிகோ, எக்கோ முத்திரைகளில் தட்டாக வந்தபோதும், பெரும்பாலோர் அவற்றைப் பேழையில்தான் கேட்டார்கள்.

இதே காலத்தில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறின. லயங்களைவிட்டுச் சிறிய அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்குப் பெட்டியும் தட்டும் பாரமாயின. ஊர் கலைந்ததோடு ஊர் கூடிக் கேட்ட வழக்கமும் மறைந்தது.

மீண்டெழுந்த ஆர்வம்

தனிக் கடைகளைக் காக்கும் நோக்கில் அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடை நாள் 2008-இல் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அந்நாட்டில் 2022-இல் வினைல் தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை குறுந்தட்டுகளை (சி.டி.) முந்தியது. மலேசியாவில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வளாகத்தின் பழைய தட்டுக் கடைகளும் வார இறுதிச் சந்தையும் சேகரிப்பாளர்கள் கூடும் இடமாயின. தமிழ்ச் சேகரிப்பாளர்கள் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ (1986) போன்ற நெடுந்தட்டுகளையும் 1960-களின் சிறுதட்டுகளையும் நாடுகிறார்கள். பினாங்கில் பிறந்த ஆறுமுகம் சகோதரர்கள் நடத்திய அல்லிகேட்ஸ் குழுவின் மலாய் நெடுந்தட்டுகளும் தேடப்படுகின்றன.

பாதுகாப்பு

வெப்பத்தில் வினைல் வளையும். கடலோரத்து ஈரக் காற்றில் தட்டிலும் உறையிலும் பூஞ்சை படியும். தட்டுகளை அடுக்காகக் கிடத்தாமல் நிமிர்த்தி வைப்பதும், உலர்ந்த இடத்தில் காப்பதும் அடிப்படை விதிகள். அரக்குத் தட்டில் சாராயம் கலந்த துப்புரவு நீரைப் பயன்படுத்தலாகாது. அரக்கு அதில் கரையும்.

தட்டின் ஒலியை எண்ணிம வடிவில் காப்பது போலவே, அதன் மேலுள்ள எழுத்தையும் முத்திரையையும் பதிவு செய்வது முக்கியமாகும். உறைகளில் கடைகள் குத்திய முத்திரைகளும், இரவல் போகும்போது மாறிவிடாதிருக்க உரிமையாளர்கள் மையால் எழுதிய பெயர்களும், எந்தத் தட்டு எந்தப் பட்டணத்தில் வாங்கப்பட்டு யாரிடம் சென்றது என்பதைக் காட்டுகின்றன. பெரும்பாலான சிறு கடைகளும் ஒலிபெருக்கிக்காரர்களும் கணக்கேடுகளை விட்டுச் செல்லாததால், மலேசியத் தமிழரின் இசை வணிக வரலாற்றை எழுத இவை நேரடிச் சான்றுகளாகும்.