பிப்பெராடா: பாஸ்க் முட்டை உணவின் வரலாறு

பிப்பெராடா என்பது பாஸ்க் மக்களின் வீட்டுச் சமையலில் இடம்பெறும் முட்டை உணவு. பிரனீஸ் மலைகளின் மேற்கு முனையில், ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பரவி வாழ்பவர்கள் பாஸ்க் மக்கள். அண்டைப் பகுதியான காஸ்கனியிலும் இவ்வுணவு உண்டு.

பாஸ்க் மொழி ஐரோப்பாவின் மிகப் பழைய மொழிகளுள் ஒன்று. ஆதலால் அவர்களுடைய உணவும் அத்தனை பழையது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. இதன் உயிர்நாடியான மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். கொலம்பஸ் 1492இல் அங்கே சென்றடைந்த பின்னரே அவை ஐரோப்பாவுக்கு வந்தன. தக்காளியை ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் ஐயத்துடனேயே பார்த்தனர். 1692இல் நேப்பிள்ஸில் அச்சான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில், தக்காளியுடன் வெங்காயமும் மிளகாயும் சேர்த்த சாஸ் ஒன்று 'ஸ்பானிய முறை' என்ற பெயரில் உள்ளது. அது பிப்பெராடா அன்று. எனினும் இம்மூன்றும் ஒன்றுசேர்ந்ததற்கு நல்ல சான்று.

உணவைவிட அதன் பெயர் மூத்தது. பெயரிலுள்ள 'பிபெர்' என்னும் சொல் லத்தீன் வழி வந்தது. லத்தீனுக்கு அதைத் தந்தது கிரேக்கம். கிரேக்கத்துக்குக் கிடைத்ததோ இந்தியாவின் 'பிப்பலி', அதாவது நாட்டு மருந்துக் கடையில் விற்கும் திப்பிலி. கொலம்பஸ் தேடிச் சென்ற சரக்குகளுள் ஒன்று மிளகு, கிடைத்தது மிளகாய். பாஸ்க் மொழியில் புதிய காய் பழைய பெயரைப் பறித்துக்கொண்டது. இன்று அங்கே 'பிபெர்' என்றால் மிளகாய். மிளகைக் குறிக்கக் 'கறுப்பு' என்னும் அடைமொழி சேர்த்துப் 'பிபெர்பெல்ட்ஸ்' என்கின்றனர். தமிழில் மிளகு தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. வந்த காய்தான் மிளகாய் ஆயிற்று.

சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய பாஸ்க் கொடியின் நிறங்கள் இவ்வுணவிலும் உள்ளன என்று பலரும் சுட்டுவர். அக்கொடியை அரானா சகோதரர்கள் வடிவமைத்தது 1894இல்தான். நிறப் பொருத்தம் தற்செயல் என்பதே பொருந்தும்.

செய்முறை எளிது, பொறுமைதான் தேவை. நான்கு பேருக்கு இரண்டு வெங்காயம், நான்கு பச்சைக் குடைமிளகாய், ஆறு பழுத்த தக்காளி, ஆறு முட்டை போதும். வெங்காயத்தையும் குடைமிளகாயையும் நீளவாக்கில் நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் பூண்டுடன் சிறுதீயில் வதக்க வேண்டும். அவை குழைந்ததும் தோல் நீக்கிய தக்காளியைச் சேர்த்து நீர் வற்றும்வரை வேகவிட வேண்டும். நீர் மிஞ்சினால் முட்டை சேராமல் பிரிந்து நிற்கும். அடித்த முட்டையை ஊற்றி மெல்லக் கிளறி, இளகிய பதத்திலேயே இறக்கிவிடுவர். முட்டையைத் தனியே பொரித்து மேலே வைப்போரும் உண்டு. உப்பிட்டு உலர்த்திய பயோன் பன்றித்தொடை இறைச்சியைச் சிறிது வாட்டி உடன் பரிமாறுவது வழக்கம்.

காரத்துக்குச் சேர்ப்பது எஸ்பெலெத் மிளகாய்த்தூள். நம் வற்றலோடு ஒப்பிட்டால் அதன் காரம் மிகக் குறைவு, மணம் மிகுதி. அறுவடைக் காலத்தில் அவ்வூர் வீடுகளின் வெளிச்சுவர்களில் இம்மிளகாய்ச் சரங்கள் தொங்கும். 2000இல் பிரான்ஸ் இதற்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. எஸ்பெலெத்தும் அதைச் சூழ்ந்த ஊர்களுமாகப் பத்து ஊர்களில் விளைவதற்கே இப்பெயர் உரியது.