ராணிப்பேட்டையின் ராணிக்குப் பேர் என்ன?

கலசப்பாக்கத்துல இருந்து போளூர், ஆரணி, ஆற்காடு வழியா வடக்கே போனா, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ராணிப்பேட்டை. 2019 நவம்பர்ல தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. பஸ் போர்டுல, கலெக்டர் ஆபீஸ்ல, தோல் தொழிற்சாலைக் கேட்டுல, எல்லா இடத்திலும் அந்தப் பேர்தான். ஆனால் அந்த ராணி யார்? அவளுக்குன்னு ஒரு பேர் இருந்திருக்குமே, அது என்ன?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். செஞ்சிக் கோட்டை தேசிங்கு ராஜாவின் மனைவி. தேசிங்கு என்பது தேஜ் சிங். வடக்கே இருந்து வந்த புந்தேலா ராஜபுத்திரர் குடும்பம். அப்பா சொரூப் சிங் 1714-ல் இறந்தார். செஞ்சி கட்ட வேண்டிய கப்பம் பாக்கி நிறைய இருக்கு, கட்டுன்னு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். தேசிங்கு மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் சண்டை. இருபத்திரண்டு வயசுன்னு சொல்லப்படும் அந்தப் பையன் களத்திலேயே இறந்தான். மனைவி உடன்கட்டை ஏறினாள். அவளை மதித்து நவாப் தன் தலைநகருக்கு எதிர்க்கரையில் ஒரு பேட்டையை உண்டாக்கி, ராணிப்பேட்டை என்று பேர் வைத்தார் என்பது வரலாறு.

இதில் முதலில் ஒரு கணக்கைச் சரிபார்க்கணும். இணையத்தில் தேடினால் ஊர் தோன்றிய ஆண்டு 1771 என்று திரும்பத் திரும்ப வருது, அதுவும் சாதத்துல்லா கான் பேரோடு சேர்த்து. அவர் 1732-லேயே இறந்துவிட்டார். 1771-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. ஆக, நவாப் பேர் சரின்னா ஆண்டு தப்பு. ஆண்டு சரின்னா நவாப் தப்பு. கதையின் மற்ற பகுதியெல்லாம் 1714-ஐச் சுற்றியே இருப்பதால், ஆண்டுதான் பிசகியிருக்கணும்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். தேசிங்கு ராஜன் கதைப்பாடல் வழியா மக்கள் வாயில் நிற்கும் பேர் ‘ராணிபாய்’. பாய் என்பது வடக்கே பெண்களுக்கு மரியாதைக்குச் சேர்க்கும் ஒட்டு. ராணி என்பது பட்டம். பட்டத்தையும் மரியாதையையும் கழித்துப் பாருங்க, மீதி ஒண்ணும் இல்லை. தேசிங்குவின் குதிரைக்குக்கூட ஒரு பேர் சொல்றாங்க. அவளுக்கு இல்லை.

இது இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் நேர்ந்ததா, இல்லை அந்தச் சொல்லிலேயே ஏதோ இருக்கா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

குயீன் என்றால் பெண்டாட்டி

தமிழில் அரசனில் இருந்து அரசி வருது. வடமொழியில் ராஜனில் இருந்து ராக்ஞி, அதுவே மருவி ராணி. ஆனால் ஆங்கிலத்துக் ‘குயீன்’, ‘கிங்’ என்ற சொல்லோடு ஒட்டே இல்லாதது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பெண், மனைவி என்றுதான் பொருள். பெண்ணில் ஆரம்பித்து, ராஜாவின் பெண்ணாகச் சுருங்கி, அப்புறம் ராணியாக உயர்ந்த சொல் அது.

அந்த வேரின் சொந்தக்காரங்க நம்ம ஊரிலும் இருக்காங்க. வடமொழி ‘ஜனி’, பெண் அல்லது மனைவி. பாரசீக ‘ஜன்’ பெண். நவாப் வீட்டு அந்தப்புரத்தை ஜனானா என்றது அதனால்தான். கிரேக்கத்தில் ‘கைனே’. திருவண்ணாமலை ஆஸ்பத்திரி போர்டுல ‘கைனகாலஜி’ன்னு போட்டிருக்கே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இன்னொரு வேடிக்கை. அதே பழைய சொல்லின் கூடப்பிறந்த சொல் ஒன்று, உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. அது நடத்தை கெட்டவள் என்ற வசையாகக் கீழே இறங்கியது. ஒரே ‘பெண்’, அரண்மனைக்குள் போனவள் மகாராணி, தெருவில் நின்றவள் வசைச்சொல். பின்னாளில் பெண்மை மிகுந்த ஆண்களைக் கிண்டல் பண்ணவும் ‘குயீன்’ஐயே எடுத்தாங்க. கிண்டலுக்கு ஆளானவர்களே அதைப் பெருமையோடு திருப்பிச் சூடிக்கொண்டது கடந்த நூற்றாண்டுக் கதை.

நம்ம கோப்பெண்டு

தமிழில் இப்படி இல்லைன்னு நினைச்சா, சங்க இலக்கியத்தைப் பார்க்கணும். புறநானூற்றின் 246-ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி. அவர் பேராக நமக்குக் கிடைப்பது ‘பெருங்கோப்பெண்டு’. கோ என்றால் அரசன், பெண்டு என்றால் பெண் அல்லது மனைவி. அரசனின் பெரிய பெண்டாட்டி, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல் நடந்த அதே பாதை. புருஷன் செத்த பிறகு தீப்பாயப் போகும் தன்னைத் தடுக்கும் சான்றோர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டு, கைம்பெண் சாப்பாடும் படுக்கையும் எப்படி இருக்கும் என்று எண்ணிச் சொல்லும் பாட்டு அது. இவ்வளவு தெளிவாகப் பேசிய பெண்ணின் பாட்டு இரண்டாயிரம் ஆண்டு தாங்கி நின்றது. பேர் நிற்கவில்லை.

திருக்கோவிலூர் எங்களுக்குப் பக்கம். அந்தக் கோயில் கல்வெட்டு, சுந்தர சோழனோடு தீப்பாய்ந்த வானவன் மாதேவியைச் சொல்லுது. மலையமான் வீட்டுப் பெண், ராஜராஜனின் அம்மா. பால்குடி மறவாத குழந்தையை விட்டுப் போனாள் என்று பதிவு பண்ணியிருக்கு. ஆனால் ‘வானவன் மாதேவி’யும் பட்டம்தான்.

இப்போ மறுபக்கம். ராஜராஜனின் பட்டத்தரசி உலோகமாதேவி. இதுவும் பட்டமே. ஆனால் அவள் திருவையாற்றில் தன் பேரில் ஒரு கோயில் எடுத்து, தானம் கொடுத்து, கல்லில் எழுதி வைத்தாள். அதனால் தந்திசக்தி விடங்கி என்ற அவளுடைய சொந்தப் பேரும் நமக்குத் தெரியுது. கண்டராதித்தன் மனைவி செம்பியன் மாதேவியை எடுத்துக்குங்க. கணவன் போன பிறகு தீயில் இறங்காமல் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கினாள். செம்பியன் மாதேவி என்றாலும் ‘சோழப் பேரரசி’ என்றுதான் அர்த்தம். இருந்தாலும் அந்தப் பட்டத்தைச் சொன்னதும் நமக்கு ஒரு ஆள் ஞாபகம் வருது, ஏன்னா அவள் செய்த வேலை கண்முன்னால நிற்குது. மதுரை மங்கம்மாளும் சிவகங்கை வேலு நாச்சியாரும் அப்படித்தான். பேரனுக்காக ஆண்டவள் ஒருத்தி, எட்டு வருஷம் காத்திருந்து நாட்டை மீட்டவள் இன்னொருத்தி. ரெண்டு பேரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம்.

ஒரு வரிசை தெரியுது இல்லையா? உயிரோடிருந்து கொடுத்தவள், கட்டியவள், ஆண்டவளுக்குப் பேர் தங்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். கணவனோடு எரிந்தவளுக்குப் பெருமை கிடைக்கும், ஊர்கூடக் கிடைக்கும். பேர் கிடைப்பது அபூர்வம். புருஷனைத் தோற்கடித்த நவாப்பே ராணிப்பேட்டை ராணிக்கு மரியாதை செய்தார். எந்த மனைவியாக இருந்தாலும் பொருந்தும் மரியாதை அது.

யாரை ராணி என்று சொல்லலாம்?

பட்டம் என்பதால் அதில் அரசியலும் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் ‘குயீன்’ என்ற சொல் லண்டனில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும். இங்கே சமஸ்தானத்துப் பெண்களுக்கு ‘ராணி’ என்ற நம்ம சொல்லையே திருப்பிக் கொடுத்தாங்க. ஜான்சி லட்சுமிபாயும் அவர்கள் ஏட்டில் ராணிதான். மொழிபெயர்த்தால் ரெண்டும் ஒண்ணு, அதனாலதான் மொழிபெயர்க்கவில்லை. விக்டோரியாவோ 1877 ஜனவரி 1-ல் டெல்லி தர்பாரில் அதற்கும் ஒரு படி மேலே போய் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார்.

ஆண் இடத்தில் இந்தச் சொல் உட்கார்ந்த கதைகளும் உண்டு. சதுரங்கத்தில் ராஜா பக்கத்தில் நின்றவர் இந்தியாவிலும் பாரசீகத்திலும் மந்திரி. ஐரோப்பா போனதும் அவர் ராணியானார், பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசியில் பலகையிலேயே பலமான காயாகவும் ஆனார். தேன்கூட்டின் தலைவரை ராஜா என்றே ஐரோப்பியர் ரொம்ப நாள் நம்பினாங்க. 1609-ல் சார்லஸ் பட்லர் என்ற பாதிரியார் புத்தகம் போட்டு அது ராணி என்று பரப்பினார்.

தறி வீட்டு அரசி

ஆரணியில் பட்டுச்சேலை எடுக்கப் போனால் இந்தச் சொல் நிறமாக வரும். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி வரிசையில் ‘ராணி கலர்’. பளீரென்ற ரோஸ். கேட்டதும் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துப் போடுவார்.

அந்தச் சேலை நெய்த வீட்டுக்குள் போனால் இன்னொரு அரசி இருக்கிறாள். தறியில் உட்கார்ந்திருப்பவரை நெசவாளர் என்கிறோம். ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்து, அறுந்த இழையை முடிந்து, கோர்வைச் சேலைன்னா பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுத்து, நடுவில் சோறும் ஆக்குகிறவளிடம் தொழில் என்னன்னு கேட்டு எழுதும்போது படிவத்தில் விழும் சொல் ‘இல்லத்தரசி’. ஆங்கிலம் மனைவியை ராணியாக்க பல நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. நாம ஒரே சொல்லில் முடிச்சுட்டோம். அரசி என்று சொன்ன பிறகு கூலியைப் பற்றி எப்படிக் கேட்பது?

2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில், அதுவும் பட்டு ஊர்தான், மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தொடங்கியபோது அரசு எடுத்த சொல் ‘குடும்பத் தலைவி’. அதைவிட முக்கியமானது ‘உரிமை’. தொகை பெரிசா சின்னதா என்பது தனி விவாதம். பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கில் ராணி, அரசி, தலைவி எதுவும் செல்லாது. அவள் பேரைத்தான் எழுதணும்.