வாய்பாடு எண்ணுவது எதை? இணைப்புத் தொகுப்பின் அளவு குறித்து ஒரு மறுவாசிப்பு

வலைச் செயலிகளில் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு, அதாவது முன்கூட்டியே திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புகளின் கூட்டம், எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு இதுவரை மேலோங்கி நிற்கும் விடை ஒரு வாய்பாடு. சர்வரின் கோர்களை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தொகுப்பின் அளவு கிடைத்துவிடும் என்று இவ்விடையை ஏற்போர் எழுதிவருகின்றனர். வாய்பாட்டில் பிழையில்லை, அது எண்ணும் பொருளும் தொகுப்பு எண்ணும் பொருளும் ஒன்றல்ல என்பதும், அவற்றை ஒன்றெனக் கொண்டதால் இணைப்பு மேலாண்மையின் முதன்மையான அளவு பார்வையிலிருந்து நழுவிவிட்டது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சமூகத்தின் விக்கி ஆவணத்தில் இடம்பெறும் இவ்வாய்பாடு, ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்புகளுக்கே பொருந்தும். ஹைப்பர்த்ரெடிங் காட்டும் போலிக் கோர்களை விட்டுவிட வேண்டும். தரவு முழுவதும் நினைவகத்தில் அடங்கினால் வட்டின் எண்ணிக்கை சுழியாகும். ஒரு வினவல் வட்டுக்காகவோ பூட்டுக்காகவோ காத்திருக்கும் இடைவெளியில் மற்றொன்று கோரைப் பயன்படுத்தலாம் என்பதே இரண்டால் பெருக்குவதன் காரணம். ஆக, இது சர்வரின் உழைப்புத் திறனுக்கான கணக்கு. செயலி ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கும் நேரம் இதற்குள் வரவே இல்லை.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு தெளிவாக்கும். எட்டு கோர்களும் நினைவகத்தில் அடங்கிய தரவும் கொண்ட சர்வருக்கு வாய்பாடு தருவது 16. ஒரு கோரிக்கை இணைப்பை 40 மில்லிநொடி பிடித்து வைத்து, அதில் 4 மில்லிநொடி மட்டுமே சர்வரில் வினவல் நடத்துவதாகக் கொள்க. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின்படி, அமைப்பில் சராசரியாக இருப்பவற்றின் எண்ணிக்கை வருகை வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம். எனவே 16 இணைப்புகளும் முழுதாக நிரம்பியிருக்கும்போதுகூட நொடிக்கு 400 கோரிக்கைகளே நிறைவேறும், சர்வரில் சராசரியாக 1.6 வினவல்களே ஓடும். எட்டு கோர்களில் பெரும்பாலானவை சும்மா இருக்க, செயலியின் வாசலில் வரிசை நீள்கிறது. தொகுப்பின் அளவைத் தொடாமல், பிடித்து வைக்கும் நேரத்தை மட்டும் 10 மில்லிநொடியாகக் குறைத்தால் நிறைவேறும் கோரிக்கைகள் 1600 ஆகின்றன, ஓடும் வினவல்கள் 6.4 ஆகின்றன. வாய்பாடு இங்கே மாறவில்லை. மாறியது அதன் கண்ணுக்குப் படாத ஓர் அளவு.

வாய்பாட்டின் விடையையே தொகுப்பின் அளவாகக் கொள்ளும் வாசிப்புக்கு எதிரான மிக வலுவான சான்று, அவ்வாசிப்பைப் பரப்பிய ஆவணத்திலேயே இருக்கிறது. ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் ஹிகாரிசிபி நூலகத்தின் தொகுப்பு அளவு பற்றிய பக்கம், நான்கு கோர்களும் ஒரு வட்டும் கொண்ட சர்வருக்கு 9 இணைப்புகள் என்று கணக்கிடுகிறது. அதே பக்கம், த்ரெட் எனப்படும் செயல் இழை ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைக் கேட்டால் ஒன்றையொன்று முடக்கிக்கொள்ளாமலிருக்கக் குறைந்தபட்ச அளவு ஒன்றையும் தருகிறது: இழைகளின் எண்ணிக்கையை, ஓர் இழைக்குத் தேவையான இணைப்புகளில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். எட்டு இழைகளுக்குத் தலா மூன்று இணைப்புகள் தேவையெனில் 17. இக்கணக்கில் கோருக்கு இடமே இல்லை. நான்கு கோர் சர்வரில் இந்த எட்டு இழைச் செயலி ஓடினால், முதல் கணக்கின் 9 இணைப்புகளோடு அது முற்றிலும் நின்றுபோகக்கூடும். இரண்டு கணக்குகளும் தத்தம் அளவில் சரியானவை. ஒன்று சர்வரின் பண்பையும் மற்றொன்று செயலியின் பண்பையும் அளக்கின்றன. அவற்றை ஒரே எண்ணுக்கான இரு வழிகளாகப் படித்ததே பிழையின் ஊற்று.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆரக்கிள் நிறுவனச் செய்முறையையும் இவ்வாறே படிக்க வேண்டியிருக்கிறது. தொகுப்பை 2048இலிருந்து படிப்படியாக 96ஆகக் குறைத்தபோது மறுமொழி நேரம் ஏறக்குறைய 100 மில்லிநொடியிலிருந்து 2 மில்லிநொடியாகச் சரிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது காட்டுவது, ஓடத் தயாராக இருக்கும் செயல்முறைகள் கோர்களை நெருக்கித் தள்ளும்போது நேரும் சிதைவை. பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் இணைப்புகளைப் பற்றி அது எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை. சும்மா இருக்கும் இணைப்புக்கும் விலை உண்டு என்ற வாதம் போஸ்ட்கிரெஸில் ஒருகாலத்தில் உண்மையாகவே வலுவாக இருந்தது. ஒவ்வோர் இணைப்பும் தனிச் செயல்முறை என்பதோடு, வினவலுக்குத் தேவையான தரவுநிலைப் படத்தை எடுக்கும் செலவும் மொத்த இணைப்புகளோடு ஏறியது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பு அச்செலவைப் பெருமளவு குறைத்துவிட்டது.

வாய்பாடு மறுபக்கமும் தவறாக நீட்டப்படுகிறது. அது சர்வர் ஒன்றுக்கானது. தொகுப்போ செயலியின் பிரதி ஒவ்வொன்றுக்கும் உரியது. பன்னிரண்டு பிரதிகள் தலா 16 வைத்தால் 192. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருளைப் பரிவர்த்தனை முறையில் நிறுத்தினால் இவ்வெண்ணிக்கை அடங்கும். ஆயினும் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச் சேவைக்காகக் காத்திருக்கும் செயலியை அதுவும் திருத்த முடியாது.

திடநிலை வட்டுகள் வந்தபின் வாய்பாடே காலாவதியாகிவிட்டது என்ற மறுப்பு இங்கே பொருந்தாது, ஏனெனில் விவாதம் வாய்பாட்டின் கெழுக்களைப் பற்றியதன்று. ஒத்திசைவற்ற இயக்கிகள் வந்தால் சிக்கலே தீரும் என்பாரும் உளர். அவை இழையை விடுவிக்கும், இணைப்பை விடுவிக்கா.

எனவே அளக்க வேண்டியது பிடித்து வைக்கும் நேரம். ஸ்பிரிங் பூட் என்னும் ஜாவா கட்டமைப்பில் இயல்பாகவே இயங்கும் ஓர் அமைப்பு, முதல் வினவலில் பெற்ற இணைப்பைப் பல சூழல்களில் மறுமொழி எழுதி முடியும்வரை வைத்திருக்கிறது. அதை அணைப்பது தொகுப்பை இரட்டிப்பாக்குவதைவிடப் பயன்தரக்கூடும். போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைக்குள் சும்மா இருக்கும் இணைப்புகளைத் தனி நிலையாகக் காண முடியும், 9.6ஆம் பதிப்பிலிருந்து அவற்றுக்குக் கால வரம்பும் விதிக்கலாம். ஆனால் பரிவர்த்தனை திறக்காமல் செயலியின் கையில் இருக்கும் இணைப்பும் தொகுப்பில் ஓய்ந்திருக்கும் இணைப்பும் சர்வரின் கண்ணுக்கு ஒன்றே. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் கணக்கு, இணைப்பைக் கொடுத்து வாங்கும் தொகுப்பிடம்தான் இருக்கிறது.