ஃபியூச்சுரா (எழுத்துரு)

ஃபியூச்சுரா என்பது வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட இலத்தீன் எழுத்துரு ஆகும். ஜெர்மனியைச் சேர்ந்த பவுல் ரென்னர் (1878–1956) வடிவமைத்த இதனை, பிராங்க்ஃபர்ட் நகரின் பௌவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. இது கோடுகளின் முனைகளில் சிறு குறுக்குக்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகையைச் சார்ந்தது.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் நூல்கள் பெரும்பாலும் பிராக்டூர் என்னும் பழைய வகை எழுத்திலேயே அச்சாயின. புதிய காலத்துக்கு ஏற்ற எழுத்தை ரென்னர் உருவாக்க முனைந்தார். பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கருத்துகளோடு இவ்வெழுத்துரு ஒத்திருப்பினும், அவர் அப்பள்ளியின் ஆசிரியர் அல்லர். நாசிகளின் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்து 1932இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1933இல் கைது செய்யப்பட்ட அவர், மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியையும் இழந்தார்.

1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகம் ஃபியூச்சுராவின் பெரிய எழுத்துகளில் அமைந்தது.

வடிவமைப்பு

இதன் 'ஓ' எழுத்து முழு வட்டமாகத் தோன்றினாலும் துல்லியமான வட்டம் அன்று. ஒரே தடிமனில் வரைந்தால் கிடைக்கோடு நிலைக்கோட்டைவிடத் தடித்துத் தெரியும் என்பதால், அது சற்று மெலிதாக்கப்பட்டுள்ளது. சிறிய 'பி', 'டி' எழுத்துகளில் வளைவு நிலைக்கோட்டைத் தொடும் இடமும் மெலிந்திருக்கும். இல்லையேல் அவ்விடம் கருத்துத் தெரியும்.

மாணவர் செயல்திட்டம்

வரைகலை பயிலும் மாணவர்களுக்கு, புகழ்பெற்ற எழுத்துரு ஒன்றை ஆராய்ந்து சுவரொட்டியோ மாதிரிநூலோ உருவாக்கும் பயிற்சி தரப்படுவதுண்டு. ஃபியூச்சுரா இதற்கு ஏற்றது. கவராயம், அளவுகோல் கொண்டு வரைந்த எழுத்தை அச்செழுத்தின் மீது வைத்து ஒப்பிட்டால், வடிவமைப்பாளர் கண்ணுக்காகச் செய்த திருத்தங்கள் புலப்படும்.

தமிழ் எழுத்துகளில்

இதே முறையைத் தமிழில் கையாளும்போது வேறு சிக்கல்கள் எழுகின்றன. ட, ப ஆகியன நேர்கோடுகளால் எளிதில் அமையும். ஆனால் மூன்று சுழி 'ண'கரத்தின் சுழிகளை முழு வட்டங்களாக்கினால் எழுத்து மிக அகலும். சுருக்கினால் சிறிய அளவில் அவை அடைபடும். எளிமை கருதி 'ர'கரத்தின் கீழ்க்கோட்டை நீக்கினால் அது துணைக்காலாகிவிடும். ஓலைச்சுவடிகளில் இவ்விரண்டும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால், படிப்போர் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியிருந்தது. எனவே, எழுத்துகளைக் குழப்பமின்றிப் பிரித்தறியும் தேவையே தமிழில் வடிவியல் எளிமைக்கு எல்லையாக அமைகிறது.