தேஜான் தீ விபத்து: ஒரே இடத்தில் ஓர் அரசாங்கம்

ஒரு காலத்தில் தென் கொரியாவில் ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கென்று ஒரு சர்வர் அறை வைத்திருந்தது. செலவு அதிகம், பாதுகாப்பும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. இவற்றை ஒன்று சேர்க்க 2005-ல் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தொடங்கப்பட்டது. 2007-ல் குவாங்ஜுவில் இரண்டாவது மையம் வந்தது. திட்டம் நல்ல திட்டம்தான்.

ஆனால் நடந்தது என்ன? 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் மையத்தில் சர்வர்களுக்கு அருகிலிருந்த லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. தீ ஆபத்தைக் குறைக்கத்தான் அந்த வேலை. அப்போதே தீப்பிடித்தது! முதல் கணக்கின்படி 647 அரசுக் கணினி அமைப்புகள் முடங்கின. இணையத்தில் சான்றிதழ் பெறும் வசதியும் அஞ்சலக வங்கிச் சேவையும் அவற்றில் அடங்கும்.

அவற்றில் பல பின்னர் மீண்டும் இயங்கின. மீளாதது 'ஜி-டிரைவ்'. அலுவலகக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காமல் இதிலேயே சேமிக்கும்படி அரசு ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவும் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கினார்கள்.

இரண்டாவது மையம் இருந்தும் இந்தக் கோப்புகளுக்கு அது உதவவில்லை. கட்டடம் இரண்டு இருந்தால் போதாது. தரவும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். சர்வர்களை ஒன்று சேர்ப்பது பாதி வேலை. வேறு ஊரில் நகல் வைப்பதே மீதி வேலை.