ஆகாயப் பேனும் காற்றுச் சுரங்கமும்

1

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கைப்பிரசுரம் போட்டோம். வக்கீலிடம் போகாமல் தன் மனுவைத் தானே எழுதிக்கொள்வது எப்படி என்பது பற்றியது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் சட்டத் தமிழை மனிதத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிரசுரம் நன்றாகப் போயிற்று. கைதட்டும் வாங்கினோம். பிறகு ஒருநாள் ஒரு அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மேல்முறையீட்டுக்கான கெடு 30 நாள். நாங்கள் 60 என்று அச்சிட்டிருந்தோம். அவர் போனது நாற்பத்தைந்தாவது நாள். "நீங்கதானே தம்பி அறுபது நாள்னு போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

அறிவை அதிகாரம் பூட்டி வைத்திருக்கிறது, பூட்டை உடைத்து மக்களிடம் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் நம்மில் பலருடைய அரசியல். ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதையே கொஞ்சம் சிக்கலான மொழியில் சொல்கிறோம். அந்த அம்மாவுக்குப் பிறகு 'போதும்' என்கிற சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. பதில் தேடப்போய் நான் வந்து சேர்ந்த இடம் முதல் பார்வையில் சம்பந்தமில்லாதது. தன் கொட்டகையில் தானே கட்டிய விமானத்தில் தானே ஏறிப் பறந்தவர்களின் வரலாறு அது. அச்சிட்ட ஒரு புத்தகத்தை நம்பி உயிரைப் பணயம் வைத்தவர்கள் அதில் இருக்கிறார்கள். எனவே அது நம்முடைய வரலாறும்தான்.

2

ஆன்றி மிஞே 1893இல் பிரான்சில் பிறந்தவர். ரேடியோத் துறைக்காரர், விமானக் கம்பெனி எதிலும் பொறியாளர் அல்ல. அவருடைய சிக்கல் விசித்திரமானது: வழக்கமான விமானத்தை ஓட்ட அவருக்குக் கைவரவில்லை. அதில் கையால் ஒரு கோலைப் பிடித்து மூக்கை ஏற்றி இறக்க வேண்டும், பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அதே நேரத்தில் காலால் மிதித்துச் சுக்கானைத் திருப்ப வேண்டும். கையும் காலும் ஒத்துப்போக வேண்டும். தனக்கு இது வரவில்லை என்றால் தப்பு தன்னிடம் இல்லை, இயந்திரத்தில்தான் என்று முடிவு செய்தார் மிஞே. இந்த இடத்தில் நான் அவருக்கு முழுக்க ஆதரவு. உடலை இயந்திரத்துக்குப் பணியவைக்கும் பயிற்சி என்பது ஓர் ஒழுங்குமுறை அதிகாரம். அவர் அதைத் தலைகீழாக்கி, இயந்திரத்தை உடலுக்குப் பணியவைக்கப் பார்த்தார்.

அப்படிப் பிறந்ததுதான் எச்.எம்.14. சுமார் 6 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் நீளம். மரச்சட்டம், பிளைவுட், துணி. வால் என்று தனியாக எதுவும் கிடையாது; முன்னால் ஓர் இறக்கை, அதற்குச் சற்றுக் கீழே பின்னால் இன்னொன்று. கோலை இழுத்தால் முன்னிறக்கை முழுசாகச் சாய்ந்து மூக்கு எழும். பக்கவாட்டில் அசைத்தால் சுக்கான் திரும்பும், விமானம் தானே சாய்ந்து வளையும். காலுக்கு வேலையே இல்லை. மோட்டார் சைக்கிள் ரகத்தைச் சேர்ந்த 17 குதிரைத்திறன் என்ஜின். 1933 செப்டம்பர் 10ஆம் தேதி சுவாசோன் நகரத்துக்கு அருகே, பட்டறையோ ஓடுதளமோ இல்லாமல், ஒரு கூடாரத்தில் தங்கியிருந்து மிஞே அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

1934இல் வரைபடங்களோடும் செய்முறையோடும் புத்தகமாகவே போட்டுவிட்டார். மரப்பெட்டி ஒன்றை ஆணியடித்துச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு விமானமும் கட்டத் தெரியும் என்பதே அதன் தொனி. வரைபடத்தை வாசகரின் கையிலேயே கொடுத்தார். 1935இல் ஆங்கிலத்தில் வந்தபோது 6,000 பிரதிகள் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தன.

பெயரையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சில் அவர் வைத்த பெயருக்கு 'ஆகாயப் பேன்' என்று பொருள். ஃபோர்டின் மலிவான மாடல் டி காரை அங்கே 'சாலைப் பேன்' என்று கேலியாகச் சொல்வார்களாம்; அதையே மிஞே எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்துக்குப் போனபோது பேன் தெள்ளுப்பூச்சியாகிவிட்டது. பேன் ஊரும், தெள்ளு துள்ளும். இங்கிலாந்தில் கட்டப்பட்டவற்றில் பல, கிடைத்த என்ஜின்களின் வலுக்குறைவால், புல்வெளியில் கொஞ்சம் துள்ளிவிட்டு இறங்கியதோடு சரி. மொழிபெயர்ப்பு தெரியாமலே உண்மையைச் சொல்லிவிட்டது.

3

இந்தக் கதையை உடனே 'மக்கள் விமானம்' என்று கொண்டாடிவிடாமல் ஒரு கேள்வி கேட்டுவைப்போம். 'தானே கட்டியது' என்கிறார்களே, யார் அந்தத் 'தான்'?

1910இல் அயர்லாந்தில் கார்ன்மணி என்ற ஊரில் லிலியன் பிளாண்ட் என்ற பத்திரிகையாளர், மூங்கிலும் மரமும் துணியும் கொண்டு ஒரு விமானம் கட்டினார். ஒரு பெண் தானே வடிவமைத்து, கட்டி, ஓட்டிய முதல் விமானங்களில் அது ஒன்று. 'மேஃப்ளை' என்று பெயர் வைத்தார். ஒரு பூச்சியின் பெயர், கூடவே 'பறந்தாலும் பறக்கும்' என்ற குறும்பு. என்ஜின் வந்துவிட்டது, எரிபொருள் தொட்டி வந்தபாடில்லை. காலி விஸ்கி பாட்டிலையும், காது கேளாத அத்தை காதில் வைத்துக்கொள்ளும் ஊதுகுழலையும் வைத்து என்ஜினுக்கு எரிபொருள் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். அந்த ஆகஸ்டில் ஒரு பிரபுவின் பூங்காவில் விமானம் தரையை விட்டு எழுந்தது.

என்ஜின் இல்லாத நிலையில் அதைக் குன்றின்மேல் சோதித்தபோது, கயிற்றைப் பிடித்துக்கொள்ள நான்கு போலீஸ்காரர்களும் ஜோ பிளெய்ன் என்ற தோட்டக்காரப் பையனும் இருந்தார்கள். ஜோ கட்டும் வேலையிலும் உடனிருந்தவன். 'தானே கட்டினார்' என்ற வாக்கியத்தில் அவன் எங்கே உட்காருவான்? ஒரு பெண்ணின் பெயரை வரலாறு இத்தனை காலம் அடிக்குறிப்பில் வைத்திருந்தது என்று நாம் கோபப்படுகிறோம், நியாயம்தான். அந்த அடிக்குறிப்புக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. கொட்டகை, ஓய்வு நேரம், பணம், காலியான மைதானம் என்று நாலும் இருப்பவர்தான் இங்கே 'அமெச்சூர்'. பிறகு லிலியனின் அப்பா, பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்றார். அவரும் விட்டார். பெண்ணின் சாகசத்துக்குக் குடும்பம் வைத்த விலை ஒரு கார்.

மிஞேயின் சாதனை இந்த வேலியைத் தாழ்த்தியதில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1929இல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் என்ஜினை மாட்டிப் பறந்து காட்டினார். அதன் வரைபடங்களும் ஜனரஞ்சக இயந்திரப் பத்திரிகை வழியாகவே பரவின. ஆகாயத்தைத் திறந்ததில் விமானத் தொழிற்சாலைக்கு இருக்கும் பங்கு அச்சகத்துக்கும் இருக்கிறது.

4

இனி கசப்பான பகுதி.

1935 ஆகஸ்டில் மிஞே தன் பேனில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கினார். நூற்றுக்கணக்கானவர்கள் கட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் இங்கிலாந்தில் விமானங்கள் விழுந்து ஓட்டியவர்கள் செத்தார்கள். ஒரே மாதிரியான சாவு. விமானம் மூக்கைக் கீழே குத்திப் பாய்கிறது, ஓட்டுபவர் கோலை இழுக்கிறார், விமானம் எழவில்லை. செத்தவர்கள் எல்லோரும் கத்துக்குட்டிகள் அல்ல. பயிற்சி பெற்ற விமானப்படை அதிகாரிகளும் அவர்களில் உண்டு. எனவே 'ஓட்டத் தெரியாதவன் ஓட்டினான்' என்ற சாக்கு எடுபடவில்லை.

ஃபார்ன்பரோவில் இருந்த அரசு ஆராய்ச்சி நிலையம் ஒரு முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்துக்குள் ஏற்றியது. அதாவது விமானத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, 24 அடி விட்டத்துக்குக் காற்றை அதன்மேல் ஓடவிட்டு, அதில் விழும் விசைகளை அளப்பது. பிரான்சிலும் ஷாலே-மெதோனில் இதே சோதனை நடந்தது. தெரிந்தது இதுதான்: இரண்டு இறக்கைகளும் மிக நெருக்கமாக இருந்தன. கோலை இழுக்கும்போது முன்னிறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து, இடையிலுள்ள சந்து குறுகி, அதன் வழியே விரையும் காற்று பின்னிறக்கையை மேலே தூக்கிவிடுகிறது. பின்பக்கம் எழுந்தால் மூக்கு தாழும். குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் போய்விட்டால், காப்பாற்ற வேண்டிய அசைவே காப்பாற்ற மறுக்கிறது.

மிஞே ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் பறந்தார், கால்வாயைத் தாண்டினார், தான் சொன்னதைத் தானே செய்து காட்டினார். பிழை ஒளிந்திருந்தது அவருடைய பறத்தல்கள் எட்டிப் பார்க்காத மூலையில். முதல் பறத்தல் என்பது மெதுவாக, தாழ்வாக, பயந்து பயந்து செய்வது. அது வெற்றி பெற்றால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அது போன இடத்துக்கு மட்டுமே அது சாட்சி. 'நான் செய்து பார்த்தேன், நடந்தது' என்ற அனுபவ வாக்குமூலத்தை நாம் நிபுணனின் சூத்திரத்துக்கு எதிராக எத்தனை முறை நிறுத்தியிருக்கிறோம்! அனுபவம் பொய் சொல்வதில்லை. ஆனால் அனுபவத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய வேறொரு கருவி வேண்டும். அது அரசிடம் இருந்தது.

அரசு அதை வைத்து என்ன செய்தது? அளந்தது, பிழையைக் கண்டது, பிரிட்டனில் பேனுக்குப் பறக்கும் அனுமதியை நிறுத்தியது. தடை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது உயிர்களைக் காத்தது. ஆனால் சுரங்கத்தின் கதவு கட்டுபவர்களுக்குத் திறந்தது பலர் செத்த பிறகுதான், அதுவும் விசாரணைக்காக. வரைபடம் பொதுவுடைமையாயிற்று, அளவுகோல் பொதுவுடைமையாகவில்லை. சாவுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவை. பின்னாளில் மிஞே அமைப்பைத் திருத்தினார்; 1965இல் இறக்கும்வரை அந்த வழியில் விமானங்களை வரைந்துகொண்டிருந்தார்.

5

இந்தக் கதையிலிருந்து இரண்டு முடிவுகள் சுலபமாக வரும். ஒன்று: நிபுணர்களிடம் விட்டுவிடு. மற்றொன்று: அரசு மக்கள் கண்டுபிடிப்பைக் கொன்றது. இரண்டும் நிபுணர்/மக்கள் என்ற ஒரே எதிர்வின் இரண்டு பக்கங்கள். இதைக் கட்டுடைக்க நமக்குத் தத்துவவாதி தேவையில்லை, கட்டியவர்களே செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1953இல் அமெரிக்காவில் மில்வாக்கி பக்கத்தில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் அவற்றில் பெரியது. இறக்கைக்குத் துணி போர்த்தி மூடுவதற்கு முன் இன்னொரு கட்டுநர் வந்து உள்ளே பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. மூடிய பிறகு ஒட்டு சரியா என்று யாராலும் பார்க்க முடியாது. அமெரிக்கச் சட்டமும் ஓர் இடைவழி கண்டது: விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர்களே, கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டியிருக்க வேண்டும். முதல் பறத்தலோடு முடிந்துவிடாமல், பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட பகுதிக்குள், பயணிகள் இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும். அந்த மூலைகளை எல்லாம் எட்டிப் பார்க்கத்தான் இந்த மணி நேரம்.

அப்படியும் விபத்து நிற்கவில்லை. 2012இல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011இல் விபத்துக்குள்ளான அமெச்சூர் விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை, இப்போதைய சொந்தக்காரர் கட்டியவை அல்ல. இன்னொருவர் கட்டியதைப் பிறகு வாங்கியவை. கட்டியவனுக்கு ஒவ்வொரு ஆணியும் தெரியும். வாங்கியவனுக்கு விமானம் வந்து சேர்ந்ததே தவிர, கட்டியபோது கற்றது வந்து சேரவில்லை. அறிவைப் பொருளாகக் கைமாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் கைப்பிரசுரமும் அப்படிக் கைமாறிய பொருள்தான். அந்த அம்மா வந்துபோனபின் நண்பர்களில் சிலர் பிரசுரத்தையே நிறுத்தலாம் என்றார்கள். சிலர் பிழைத்திருத்தத் துண்டு ஒட்டினால் போதும் என்றார்கள். நான் கேட்பது மூன்றாவது. அடுத்த பதிப்பை அச்சுக்கு மூடும் முன் சட்டம் தெரிந்தவர்கள் நம்மோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். அது அவர்கள் செய்யும் தர்மம் அல்ல, நாம் உரிமையோடு கேட்டு வாங்க வேண்டிய உழைப்பு. கூடவே, பிரசுரத்தைப் பயன்படுத்தி ஜெயித்தவர்களைவிடத் தோற்றவர்களை முதலில் கூப்பிட வேண்டும். எந்த மூலையில் அது மூக்கைக் குத்தும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வர்றேன் தம்பி, ஆனா படிச்சுக் காட்டணும்" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. 'எளிய தமிழில்' எழுதியவன் நான்.