பிடித்த கை எந்த வாளைத் தடுத்தது?

ஐக்கிடோ வகுப்பின் முதல் பாடமே சிரிப்பை வரவழைக்கும். எதிராளி வந்து மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் பார்த்தால், "சண்டையில யாருண்ணே கையப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க?" என்பான். நியாயமான கேள்வி. டவுனில் தகராறு என்றால் சட்டையைத்தான் பிடிப்பார்கள், அடுத்தது அறை.

அந்தப் பிடி பிறந்தபோது இடுப்பில் வாள் இருந்தது. வலக்கை வாள்பிடிக்குப் போகுமுன் அதை அமுக்கிவிட்டால் வாள் உறைக்குள்ளேயே கிடக்கும். பிடிபட்டவனுக்கோ எப்படியாவது கையை விடுவித்து உருவியாக வேண்டும். 1876இல் ஜப்பானிய அரசு சாமுராய்கள் வாள் அணிவதைத் தடைசெய்தது. வாள் போயிற்று, பிடி நிலைத்துவிட்டது. ஐக்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா பிறந்ததே 1883இல். அவருக்கு ஹொக்கைடோவில் டைட்டோ ரியு என்ற தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்த சோகாகு தகேதாவுக்குத் தடை வந்தபோது பதினாறு வயது. தலைக்கு மேலிருந்து கையை இறக்கும் அந்த விநோத அடியும் வாள்வீச்சுதான்.

நம் கதையும் தூரமில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801இலேயே கம்பெனி அரசு தென்பாளையங்களில் ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டது. சில பத்தாண்டுகளில் அந்தச் சீமையிலிருந்தும் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டினார்கள். அவர்களோடு வந்த சிலம்பம் இன்றும் மாரியம்மன் திருவிழாவில் தப்புச் சத்தத்துக்கு ஆடப்படுகிறது. சிலம்பக்காரர் கையில் கம்பு தெரிவதால், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது வேடிக்கை பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐக்கிடோவில் ஆயுதம் கண்ணில் படாததால் தூரமும் மறந்துபோகிறது.

1942இல் உயெஷிபா டோக்கியோவை விட்டு இவாமா கிராமத்துக்குப் போனார். நிலத்தைக் கொத்திக்கொண்டே வாளையும் கம்பையும் வெறுங்கையையும் ஒரே வித்தையாகப் பழகினார். 1946இல் வந்து சேர்ந்த மொரிஹிரோ சாய்தோ ரயில்வேக்காரர். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாள் காலைகள் ஆசானுக்கு எதிரே கழிந்தன. கம்புக்கு 20, வாளுக்கு 7 என்று தனிவீச்சுகளை வரிசைப்படுத்தியவர் இவரே. டோக்கியோ தலைமையகத்தின் வழக்கமான வகுப்புகளில் ஆயுதம் அபூர்வம். நான் இவாமா கட்சி. அக்குள் உயரக் கம்போடு ஒருவன் எதிரே நின்றால்தான் "அரை அடி பின்னுக்கு நில்" என்பது மண்டையில் ஏறும்.

ஆனால் இவாமாவும் நம் ஊரல்ல. பயிற்சி மரக்கத்தி நேரானது, பெரும்பாலும் குத்துவதற்கே எடுக்கிறார்கள். தோட்டத்தில் கைக்கு எட்டுவதோ கவ்வாத்துக் கத்தி. வளைந்த அலகு, இழுத்து அறுக்கும். குத்து வந்தால் விலகி மணிக்கட்டைப் பிடிக்கலாம். இழுப்புக்கு அதே இடத்தில் கை நீட்டினால் விரல் மிஞ்சாது. தரையும் பாய் விரித்த கூடமல்ல, மழையில் வழுக்கும் லயத்து வாசல். தலவாக்கலையில் யாராவது ஐக்கிடோ சொல்லிக்கொடுப்பதானால், முதலில் தச்சரிடம் வளைந்த மரக்கத்தி ஒன்று செதுக்கி வாங்கட்டும்.